சிசுவின் குடலும் நமது கடமையும்

பச்சை நிறமாக வாந்தியெடுக்கும் பச்சிளங் குழந்தையை, “மாந்தம்” என்று சொல்லி வீட்டில் வைத்துக்கொண்டிருப்பது உயிருக்கே ஆபத்தாகும். வயிறு உப்பினால் உரைமருந்து, மலம் இறங்காவிடில் விளக்கெண்ணெயில் தோய்த்த வெற்றிலைக் காம்பு என்னும் வழக்கம் காவிரிக் கடைமடையில் நெடுங்காலமாக உண்டு. அன்பினால் செய்வதே, ஆயினும் அன்பு மட்டும் போதாது.

பூரண மாதத்தில் பிறந்த குழந்தை பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் முதல் மலத்தைக் கழித்துவிடும். 48 மணி நேரமாகியும் கழியாவிடில் குடலைச் சந்தேகிக்க வேண்டும். 1886-இல் கோபன்ஹேகன் வைத்தியர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங், பெர்லின் நகரில் இத்தகைய இரு சிசுக்களைப்பற்றி விவரித்தார். சுமார் 5,000 பிறப்புகளில் ஒன்றில் காணும் அந்நோயில், பெருங்குடலின் கடைப்பகுதியில் நரம்பணுக்கள் இரா. அப்பகுதி மலத்தைத் தள்ளாது. அதனை நீக்கும் அறுவைச் சிகிச்சையை ஆர்வார் ஸ்வென்சன் 1948-இல் வெளியிட்டார். காம்பு வைத்தால் மலம் பீறிட்டு வரக்கூடும், வீட்டார் நிம்மதியடைவர், நோயோ உள்ளே மறைந்து நிற்கும்.

படம் பிடித்துப் பார்த்தால் மர்மம் வெளிப்படும். சிறுகுடலின் தொடக்கம் அடைபட்டிருந்தால் எக்ஸ்-ரேயில் இரண்டு காற்றுக் குமிழிகள் தோன்றும். ஆசனவாய் வழியே சாயமருந்து செலுத்தி எடுக்கும் படம், குறுகிய கடைக்குடலையும் அதன்மேல் விரிந்த குடலையும் காட்டும். குடலின் சிறு துணுக்கைச் சோதித்து ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயை உறுதி செய்வர். குடல் முறுக்கிக்கொண்டால் ஸ்கேனில் இரத்தக் குழாய்கள் நீர்ச்சுழிபோல் தெரியும். முறுக்கிய குடல் சில மணி நேரத்தில் அழுகிவிடலாம். சாதாரண எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று பச்சை வாந்தியை அலட்சியம் செய்தலும் கூடாது.

குழந்தைகளுக்கென்றே அறுவைச் சிகிச்சைப் பிரிவு கொண்ட புதுச்சேரி ஜிப்மர், குரும்பகரத்திற்கு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆதலின் சந்தேகம் பிறக்கவேண்டிய இடம் பிரசவ அறையே. 2013-இல் மத்திய சர்க்கார் ஆரம்பித்த குழந்தைகள் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் ஒன்பது பிறவிக் குறைகள் இடம்பெற்றன. குடல் நோய்களோ அவற்றில் இல்லை. இக்குறை நீங்கவேண்டும்.

ஆசனவாய் திறந்திருக்கிறதா, மலம் எப்போது கழிந்தது என்னும் இரண்டையும் குறித்த பின்னரே தாயையும் சேயையும் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்ப வேண்டும். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஊர்தோறும் தொண்டாற்றும் நண்பர்கள் பச்சை வாந்தியின் அபாயத்தை வீடுவீடாய் எடுத்துரைப்பார்களாக. பிறந்த குழந்தை பிழைப்பதற்கு வழியிருந்தும் நம் அறியாமையால் மடியுமானால், அப்பழி நம் எல்லோரையுமே சாரும்.