துளைக்கேற்ற நூல்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறுவதற்குள் பாதி சொல்லிவிடலாம். எம்பிராய்டரி ஆசை வந்தவுடன் எல்லோரும் நேரே நூல் கடைக்குத்தான் போகிறார்கள். வரிசையாக அடுக்கிய நிறங்களைப் பார்த்ததும் கை நிற்காது. மயில்கழுத்து நீலம் நாலு, மாம்பழ மஞ்சள் ரெண்டு என்று வாரிக்கொண்டு வந்துவிடுவோம். துணி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஊசிதான் வீட்டில் கிடக்கிறதே! என் கட்சி இதற்கு நேர் எதிர். முதலில் வாங்க வேண்டியது கேன்வாஸ். நூல் எவ்வளவு தடிமன், ஊசி எத்தனாம் நம்பர், கண்டு எத்தனை என்று எல்லாவற்றையும் அதிலுள்ள துளைதான் சொல்லும். நிறம் கடைசியில்.

மேட்டி துணியில் பள்ளிக்கூடத்தில் போட்ட கிராஸ் ஸ்டிட்ச் நினைவிருக்கும். அதில் கிளியும் ரோஜாவும்தான் நூல், சுற்றிலும் துணி தெரியும். நான் இங்கே சொல்வது கேன்வாஸில் போடும் நீடில்பாயின்ட்; அதில் அடித்துணி எங்குமே தெரியக்கூடாது. கஞ்சி ஏற்றி விறைப்பாக்கிய பருத்தி கேன்வாஸின் ஒவ்வொரு கண்ணையும் நூலால் மூட வேண்டும். அதனால்தான் தேயத் தேயத் தாங்குகிறது. ஐரோப்பாவில் நாற்காலி இருக்கைக்கும் திண்டுக்கும் இதைப் போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் கட்டம் போட்டு வண்ணமடித்த மாதிரிப் படங்கள் பெர்லினிலிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவின. 'பெர்லின் கம்பளி வேலை' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. இன்றைக்கும் பேட்டர்ன் அதே கட்டக் காகிதம்தான்.

கேன்வாஸில் 10, 13, 14, 18 என்று நம்பர் போட்டிருக்கும். ஓர் அங்குலத்துக்குள் எத்தனை இழை ஓடுகிறது என்ற கணக்கு அது. கேட்கும்போது சின்ன வித்தியாசமாகத்தான் படும். பத்துக்குப் பத்து அங்குலப் படம் ஒன்றை 10ஆம் நம்பரில் போட்டால் 10,000 தையல்; அதையே 18இல் போட்டால் 32,400. உழைப்பு மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது. முதல் தடவை என்றால் 10 அல்லது 13 எடுங்கள், அதுவும் உள்ளங்கை அளவுப் படமாக. முகம், பறவையின் கண் போன்ற நுணுக்கம் வேண்டுமென்றால்தான் 18.

இனி நூல். 10ஆம் நம்பர் கேன்வாஸுக்கு டேப்பஸ்ட்ரி கம்பளி ஒற்றை இழை போதும், துளை நிறைந்துவிடும். நம் ஊர் ஃபேன்ஸி ஸ்டோரில் அது லேசில் கிடைக்காது. கடைக்காரர் "இதுவும் உல்லன்தான்மா" என்று ஸ்வெட்டர் பின்னும் நூலை நீட்டுவார். அது இழுத்தால் நீளும் நூல். ஒரு தையல் இறுகும், அடுத்தது தொளதொளக்கும், துளைக்குள் நூறு தடவை போய்வருவதற்குள் பிசிறும் தட்டிவிடும். சுவரில் மாட்டும் படத்துக்கு வேண்டுமானால் சமாளிக்கலாம். உட்காரும் மெத்தைக்கு வேண்டாம்.

இங்கே தாராளமாகக் கிடைப்பது எம்பிராய்டரி பருத்தி நூல், கண்டு 8 மீட்டர், ஆறு இழை. 18ஆம் நம்பர் கேன்வாஸுக்கு ஆறு இழையும் சேர்ந்தால் சரியாக மூடும். ஆனால் கண்டிலிருந்து உருவியபடியே கோக்காதீர்கள். ஒரு முழ நீளம் வெட்டி, ஆறு இழையையும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, மறுபடி ஒன்றாகச் சேர்த்துக் கோத்துப் பாருங்கள். முறுக்கு விட்டுப்போய் நூல் பட்டையாகப் படுக்கும். அதே ஆறு இழைதான், மூடும் இடம் மட்டும் கூடிவிடும். கறுப்பு, கருநீலத்தில் போடும்போது தையலுக்கு இடையே வெள்ளைக் கேன்வாஸ் ஊசிமுனை அளவில் எட்டிப்பார்க்கும் பாருங்கள், அது பெரும்பாலும் இந்த வேலையைச் செய்யாததால்தான்.

பேட்டர்னில் டி.எம்.சி. நிற நம்பர் இருக்கும், கடையில் இருப்பது ஆங்கர் நூல். இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். டி.எம்.சி. பிரான்ஸின் முலூஸ் நகரத்தில் 1746இல் தொடங்கிய நிறுவனம். ஆங்கரை நமக்குப் பழக்கியது மதுரா கோட்ஸ்; மதுரைக்காரர்கள் ஹார்வி மில் என்று சொன்ன ஆலையின் வழி வந்த கம்பெனி. இரண்டுக்கும் நம்பர் வேறுவேறு. டி.எம்.சி.யில் கறுப்பு 310, ஆங்கரில் 403. கறுப்பில் தகராறு இல்லை. பச்சையிலும் ரோஜாவிலும் ஒப்பீட்டு அட்டவணை காட்டுவது பக்கத்து நிறத்தைத்தான், அதே நிறத்தை அல்ல. ஆகவே ஓர் இலையின் நான்கு பச்சையும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். மூன்று இதில், ஒன்று அதில் என்றால் அந்த ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். கடைக்குள் குழல் விளக்கில் தேர்ந்தெடுக்காமல் வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். கண்டாகக் கட்டியிருக்கும்போது நிறம் அடர்த்தியாகத் தெரியும், தைத்தபின் கொஞ்சம் வெளுத்துத்தான் காட்டும்.

எத்தனை கண்டு? கடைக்காரரைக் கேட்டுப் பயனில்லை, ஒரு சதுர அங்குலம் தைத்துப் பார்த்துவிட வேண்டும். ஒரு மீட்டர் நூலை அளந்து வெட்டி எவ்வளவு இடம் நிறைகிறது என்று பார்த்தால் மீதியை நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். 18ஆம் நம்பரில் ஒரு சதுர அங்குலம் என்பது 324 தையல். ஆறு இழையாகப் போட்டால் ஒரு கண்டு ஏறக்குறைய ஐந்து சதுர அங்குலத்திலேயே தீர்ந்துவிடும். பூவுக்கும் இலைக்கும் ஒரு கண்டு கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. பின்னணி அப்படியல்ல. அதற்கு வேண்டியதை மொத்தமாக, ஒரே சாயத் தொகுப்பில், ரெண்டு கண்டு கூடுதலாகவே வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே நம்பர் கிடைத்தாலும் வேறு தொட்டியில் தோய்த்த நூலாக இருக்கலாம். பாதி வானம் ஒரு நீலம், மீதி வானம் இன்னொரு நீலம்.

ஊசி மழுங்கிய முனை உள்ளது, டேப்பஸ்ட்ரி ஊசி என்று கேளுங்கள். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும்: 10ஆம் நம்பர் கேன்வாஸுக்கு 18, 18ஆம் நம்பர் கேன்வாஸுக்கு 22. கம்பளியைக் கோக்க எச்சில் தொடவே வேண்டாம். நூலை ஊசிமேல் மடித்து இறுக்கிப் பிடித்து, ஊசியை உருவிவிட்டு, அந்த மடிப்பைக் காதுக்குள் தள்ளுங்கள், போய்விடும். பின்பக்கம் முடிச்சும் கூடாது, முன்னால் புடைத்துக்கொள்ளும். தொடங்கும் இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி, இனிமேல் தைக்கப்போகும் பக்கமாக, முன்புறத்திலேயே முடிச்சை விட்டுவிடுங்கள். தைத்துக்கொண்டே போனால் பின்னால் கிடக்கும் வால் தையலுக்குள் சிக்கிக்கொள்ளும். முடிச்சருகே வந்ததும் கத்தரித்துவிடலாம்.

தையல் ஒன்றுதான், சாய்ந்த சின்னக் கோடு. அதை வரிசை வரிசையாகப் போட்டால் கேன்வாஸ் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சாய்சதுரமாகிவிடும். மூலைவாட்டில் ஏறி இறங்கிப் போட்டால் பின்பக்கம் கூடை முடைந்ததுபோல் வரும், கோணலும் குறையும். பின்னணிக்கு இதுதான் நல்லது. அப்படியும் கொஞ்சம் கோணினால் லேசாகத் தண்ணீர் தெளித்து, பலகைமேல் சதுரமாக இழுத்து, துருப்பிடிக்காத ஆணி அடித்து, நிழலில் காயவிடுங்கள். அதற்கு முன்னால் சிவப்பு நூல் துண்டு ஒன்றை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் விட்டால் தண்ணீரைத் தொடாதீர்கள், கோணல் இருந்தாலும் இருக்கட்டும்.