பக்கத்தில் மாட்டிய பி.சி.

படம், இசை இரண்டிலும் அன்றைய ஐ.பி.எம். பி.சி. அமிகாவின் கிட்டேகூட வர முடியாது. 1985இல் கமோடோர் நிறுவனம் அமெரிக்காவில் அறிமுகம் செய்த வீட்டுக் கம்ப்யூட்டர் அது. ஆனால் ஆபீஸ் கணக்குக்கு வேண்டிய லோட்டஸ் 1-2-3 புரோகிராமை பி.சி.யிலிருந்து கொண்டுவந்து போட்டால் ஓடாது. அமிகாவின் மூளை மோட்டோரோலா 68000; பி.சி.யுடையது இன்டெல் 8088. ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. பி.சி.போல நடிக்கும் ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. ஆமை வேகம்.

கமோடோரின் ஜெர்மன் பொறியாளர்கள் சுற்றி வளைக்கவில்லை. ஒரு பி.சி.யையே பக்கத்தில் மாட்டிவிட்டார்கள். 1986இல் வந்த ‘சைட்கார்’ பெட்டிக்குள் 4.77 மெகாஹெர்ட்ஸ் 8088, சொந்த மெமரி, 5.25 அங்குல ஃப்ளாப்பி டிரைவ், பி.சி. கார்டுகள் செருக மூன்று ஸ்லாட்டுகள். கீபோர்டும் திரையும் மட்டும் அமிகாவிடம் இரவல். நடுவே இரு பிராசஸர்களுக்கும் பொதுவான மெமரி. பி.சி. அதில் எழுதுவதை அமிகா படித்துத் தன் திரையில் ஒரு ஜன்னலுக்குள் காட்டும். அந்த ஜன்னலில் டாஸ் ஓட, பக்கத்திலேயே அமிகா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

1987இல் அமிகா 2000 வந்தபோது பெட்டி சுருங்கி, ‘பிரிட்ஜ்போர்டு’ என்ற கார்டாக உள்ளேயே போய் உட்கார்ந்தது. அதற்குள் மலிவான பி.சி. நகல்கள் சந்தையில் குவிந்துவிட்டன. லோட்டஸ் வேண்டியவர்கள் அவற்றையே வாங்கினார்கள். 1994இல் கமோடோர் திவாலானது.