இட்லி, தோசை சாப்பிட்டால் போதுமா? சீலியாக் நோய் உள்ளவர்கள் ஹோட்டலில் கவனிக்க வேண்டியவை

சப்பாத்தி, பரோட்டாவைத் தவிர்த்துவிட்டு இட்லி, தோசை ஆர்டர் பண்ணினால் பிரச்சினை இல்லை என்றுதான் தோன்றும். அரிசியிலும் உளுந்திலும் குளூட்டன் இல்லை என்பது உண்மைதான். சிக்கல் கூடவே வரும் சாம்பாரில் இருக்கிறது.

சீலியாக் என்றால் என்ன?

கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள புரதம் குளூட்டன். சீலியாக் நோய் உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டால், அவர்களின் நோய் எதிர்ப்பு மண்டலமே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். குணப்படுத்த மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்க குளூட்டனைத் தவிர்ப்பதுதான் சிகிச்சை. 'கொஞ்சம்தானே, ஒண்ணும் ஆகாது' என்பது இவர்களுக்குப் பொருந்தாது. வயிற்றுவலி வராவிட்டாலும் குடல் பாதிக்கப்படலாம்.

எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது?

* பெருங்காயம்: கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா அல்லது கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார், ரசம், இட்லிப் பொடி என எல்லாவற்றிலும் இது சேரும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது.
* தோசைக்கல்: பரோட்டா, ரவா தோசை போட்ட அதே கல்லில் சாதா தோசையும் வார்ப்பார்கள். ரவையும் கோதுமைதான்.
* எண்ணெய்: பூரி பொரித்த எண்ணெயிலேயே வடையும் அப்பளமும் பொரியும்.
* சோயா சாஸ்: வழக்கமாக இதன் தயாரிப்பில் கோதுமையும் சேரும். ஃபிரைடு ரைஸிலும் கவனம் தேவை.

எப்படிக் கேட்பது?

வட இந்தியாவைவிட தென்னிந்தியாவில் இந்த நோய் குறைவு. அதனால் "குளூட்டன் இருக்கா?" என்றால் பல சர்வர்களுக்குப் புரியாது. "அண்ணா, இதுல மைதா, கோதுமை, ரவை ஏதாவது சேருமா? எனக்கு ஒத்துக்காது, மாஸ்டர்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா?" என்று கேளுங்கள். கூட்டம் குறைவான நேரத்தில் போனால் பொறுமையாகப் பதில் கிடைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

10 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள், அலர்ஜி ஏற்படுத்தும் பொருட்களின் விவரத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிளிங் விதி. இந்தப் பட்டியலில் குளூட்டன் உள்ள தானியங்களும் உண்டு. பாக்கெட் உணவில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட, ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

தெரு முனை மெஸ்ஸில் இந்த விவரப் பட்டியல் இருக்காது. அங்கே சூடான இட்லியும் தாளிக்காத தேங்காய்ச் சட்னியும் ஓரளவு பாதுகாப்பான தேர்வு. மாஸ்டரிடமிருந்து தெளிவான பதில் வரவில்லை என்றால், அந்த ஐட்டத்தை விட்டுவிடுவதே நல்லது.