‘கன்டினியூ’ன்னு எழுதும் முன்னாடி ஒரு நிமிஷம்!

போன செமஸ்டர் ப்ராஜெக்ட் நேரத்துல நடந்தது இது. சென்சார் பழுதாகி இரண்டு நாள் டெஸ்டிங் நின்னுபோச்சு. சரிசெய்ததும் கைடுக்கு மெயில் போட்டேன்: "வீ ஆர் கன்டினியூயிங் த டெஸ்ட்." உடனே பதில் வந்தது: "அப்போ அந்த இரண்டு நாள் ரீடிங்ஸ் எங்கே?" நான் எழுதியிருக்க வேண்டிய வார்த்தை ‘ரிஸ்யூம்’.

‘தொடர்வது’ன்னு நாம ஒரே வார்த்தையில சொல்றதுக்கு இங்கிலீஷ்ல பல வார்த்தைகள் இருக்கு. எதைப் போடுறதுன்னு குழப்பமா இருந்தா ஒரே கேள்வி கேளுங்க: நடுவில் இடைவெளி இருந்ததா?

கன்டினியூ, ரிஸ்யூம்: ‘கன்டினியூ’ன்னு மட்டும் சொன்னா, நடுவில் நின்றதா இல்லையான்னு தெரியாது. ‘ரிஸ்யூம்’ என்றால் நின்றுபோனது மறுபடி தொடங்குது. அந்த ‘மறுபடி’ உள்ளேயே இருப்பதால் ‘ரிஸ்யூம் பேக்’ன்னு எழுத வேண்டாம். வேலைக்குக் கொடுக்கிற ‘ரெஸ்யூமே’ பிரெஞ்சிலிருந்து வந்தது, பொருள், சுருக்கம்.

கன்டினியூவஸ், கன்டினியுவல்: மல்டிமீட்டர்ல கன்டினியூட்டி செக் பண்ணுவோமே, ஒயர் எங்கேயும் அறுந்திருக்கலைன்னா பீப் சத்தம் வரும். ‘கன்டினியூவஸ்’ அதுதான், இடைவெளியே கிடையாது. விட்டுவிட்டு அடிக்கடி நடந்தா ‘கன்டினியுவல்’. ராத்திரி முழுக்க ஓடுற ஃபேன் முதல் வகை. அடிக்கடி வந்து போகிற பவர்கட் இரண்டாவது வகை. லேப் ரிப்போர்ட்டில் இதை மாத்தி எழுதினா அர்த்தமே மாறிடும்.

கீப் ஆன்: "ஹி கீப்ஸ் ஆன் ஆஸ்கிங்"னு சொன்னா, திரும்பத் திரும்பக் கேட்கிறான் என்பதோட கொஞ்சம் எரிச்சலும் தெரியலாம். ஆபீஸ் மெயிலில் பார்த்துப் போடுங்க.

கோ ஆன்: இன்டர்வியூவில் இது முக்கியம். "ஐ வென்ட் ஆன் லேர்னிங் பைத்தான்" என்றால் ஏற்கெனவே கத்துக்கிட்டு இருந்ததை விடாம தொடர்ந்தேன். "ஐ வென்ட் ஆன் டு லேர்ன் பைத்தான்" என்றால் வேறொன்றை முடிச்சிட்டு, அடுத்ததா பைத்தானுக்குப் போனேன். ஒரு ‘டு’ செய்கிற வேலை!

‘சி’ மொழியின் ‘கன்டினியூ’வும் நமக்குப் பழக்கம்தான். அதைப் போட்டா அந்தச் சுற்றில் மீதி இருக்கிற வரிகள் ஓடாது. நேரா அடுத்த சுற்று. முதன்முதலா பார்த்தப்போ, "தொடரச் சொல்லிட்டு ஏன் தாவுது?"ன்னு எனக்குக் குழப்பம். தொடர்வது லூப், அந்தச் சுற்று இல்லை. லூப்பையே நிறுத்தணும்னா ‘பிரேக்’.

கடைசியா ‘டிஸ்கன்டினியூ’. நம்ம காலேஜ்கள்ல யாராவது படிப்பை விட்டா "அவன் டிஸ்கன்டினியூ"ன்னு சொல்லி முடிச்சிடுறோம். அவனே திரும்பி வந்து சேர்ந்தா, அதுக்கும் வார்த்தை இருக்கு: "ஹி ரிஸ்யூம்ட் ஹிஸ் ஸ்டடீஸ்." உங்க ரெஸ்யூமேவில் ஒரு வருஷம் இடைவெளி இருந்தா அதை மறைக்காதீங்க. ‘ரிஸ்யூம்ட்’னு தைரியமா எழுதுங்க. நின்னது உண்மைன்னா, திரும்பத் தொடங்கினதும் உண்மைதானே?