மேலே ஒரு தோசைக்கல்!

ராத்திரி பத்து மணி. தெருவில் காற்று சிலுசிலு. உங்க மாடி ரூமில் மட்டும் அனல். ஏன் சார்? பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், ராத்திரிதான் அதைக் கக்குகிறது. ஃபேன் அந்தச் சூட்டையே கீழே தள்ளுகிறது!

வைத்தியம் ரொம்ப சிம்பிள். அக்னி நட்சத்திரத்துக்கு முன்னாடியே மொட்டை மாடியைக் கழுவி, பசை கலந்த வெள்ளைச் சுண்ணாம்பு ரெண்டு கோட். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். தெலங்கானா அரசு 2023-ல் இதுமாதிரி 'குளிர் கூரை'களுக்காகவே ஒரு கொள்கை போட்டிருக்கிறது.

அடுத்து, வென்டிலேட்டர். சூடான காற்று மேலேதான் போகும். கொசுவுக்குப் பயந்து அங்கே அட்டையை அடைத்தால்? அட்டையை எடுங்க, வலையை அடிங்க. சாயந்திரம் ஜன்னலையும் திறந்து வையுங்க.

கீழ் வீட்டு ஓனருக்குச் சூடு தெரியாதே? ஒருநாள் ராத்திரி சீட்டாட மேலே கூப்பிடுங்க. காலையில் அவரே சுண்ணாம்பு வாளியோடு வருவார்!