கொல்லைத் தோட்டம்: லாபமா, நஷ்டமா?

கொல்லையில் நாலு கத்தரிச் செடி வைத்து, மாடியில் வற்றல் உலர்த்தும் குடும்பத் தலைவியைப் பார்த்து, "கடையில் கிடைப்பதற்கு இத்தனை பாடா?" என்று கேட்போர் உண்டு. வேலூர், ஆம்பூர் வாசிகளுக்கு இது வெறும் பேச்சன்று. ஆகவே கணக்குப் பார்ப்போம்.

முதலில் வரவு. வேலூர் வெயிலைப் புகழ்ந்தவர் எவருமில்லை. ஆனால் சித்திரை, வைகாசியில் அதுவே கூலி கேளாத வேலையாள். மணத்தக்காளியும், கொத்தவரையும், மோர் மிளகாயும் சில நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். உப்பும் மோருமே செலவு. காய் மலிந்தபோது உலர்த்தி வைத்தது, விலை ஏறிய ஐப்பசி மழையில் கைகொடுக்கும். கத்தரிக்கோ இச்சீமை பெயர் பெற்றது. வேலூர் முள்ளுக் கத்தரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. முளைக்கீரை விதைத்த ஒரு மாதத்துக்குள் இலைக்கு வந்துவிடும்.

இனிச் செலவு. விதையும் எருவும் பெரிதல்ல, தண்ணீரே பெரிது. தோல் அழுகாதிருக்க உப்பிடுகிறார்கள். பதனிடுமுன் ஊறவைத்துக் கழுவும்போது அவ்வுப்பு நீரோடு வெளியேறுகிறது. அதுவும், பதனிடும் குரோமியக் கழிவும் பல்லாண்டுகளாகப் பாலாற்றங்கரை நிலத்தில் இறங்கின. ஊறுகாயைக் காக்கும் உப்பே கிணற்றைக் கெடுத்தது! தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமற் போயிற்று என்ற ஆய்வுக் கணக்கை, சுப்ரீம் கோர்ட்டு 1996-ஆம் வருஷத் தீர்ப்பில் எடுத்துக்காட்டியது. கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டும் என்றும் கூறியது.

ஆகவே நமது முடிவு இது. கிணற்று நீரைப் பரிசோதித்து, நல்லதென்று தெரிந்தவர்கள் தயங்காமல் பாத்தி கட்டலாம். கரிக்கும் கிணறுடையோர் அந்நீரைக் கீரைக்கு ஊற்ற வேண்டாம். உப்பில் செடி கருகும், மண்ணிலுள்ள உலோகத்தையும் கீரை ஈர்க்கும். மழைநீரைத் தொட்டியில் சேர்த்து, நல்ல மண் நிரப்பிய சாடிகளில் சில செடிகள் வளர்த்தால் போதும். லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கித் தோட்டம் போடுவது நஷ்டமே. அவர்கள் சந்தைக் காயை வாங்கி உலர்த்தலாம். வெயில் எல்லோருக்கும் பொது.

வற்றலில் லாபம் நிச்சயம். தோட்டத்தின் லாபமோ நம் கையில் மட்டும் இல்லை. பாலாற்றின் நிலத்தடி நீர் தெளிந்தாலொழிய, எத்தனை சிக்கனமான இல்லத்தரசியாலும் கொல்லைக் கணக்கை நேர்செய்ய முடியாது.