கருக்கட்டலில் கல்சியத்தின் பணி

கல்சியம் என்றதும் எலும்பும் பல்லுமே நம் நினைவுக்கு வருவன. உடலிலுள்ள கல்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு அவற்றிலேயே உறைகின்றது என்பதும் உண்மையே. ஆனால் எஞ்சிய சிறு பங்கின் அலுவல் வேறு. 1883இல் இலண்டன் மருத்துவர் சிட்னி றிங்கர், குழாய் நீரிற் செய்த உப்புக் கரைசலிலே துடித்த தவளையின் இதயம், வடித்த நீரிற் செய்த கரைசலிலே ஓய்ந்துவிடுவதைக் கண்டார். குழாய் நீரிலிருந்த கல்சியமே அவ்வேறுபாட்டுக்குக் காரணமென நிறுவினார். இதயத்தை ஏவும் அப்பொருளே மனிதன் கருவாகும் வேளையிலும் ஏவலாளாய் நிற்கின்றது.

தமிழாசிரியனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். ஒரு சொல்லே என்னை இதன்பால் ஈர்த்தது. மலடி என்பதற்கு ஆண்பாலாக மலடன் என்னும் சொல் அகராதியில் உண்டு. றொசல்லத் தோட்டத்து லயங்களிலோ முன்னதைக் கேட்டிருக்கின்றேன், பின்னதைக் கேட்டிலேன். பிள்ளையில்லாக் குறை முழுவதும் பெண்ணின் தலையிலே சுமத்தப்படுகின்றது. வளைகாப்பு வீட்டில் அவள் ஒதுங்கி நிற்கின்றாள். அறிவியல் சொல்வது வேறு.

விந்தணு மில்லிமீற்றரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு நீளமே உடையது. அதனுள்ளே கல்சியம் மிகக் குறைவு. புறத்தேயுள்ள திரவத்தில் அதனிலும் ஏறக்குறையப் பதினாயிரம் மடங்கு மிகுதி. அணைக்கட்டுக்கு வெளியே தேங்கிய வெள்ளத்துக்கு இதனை ஒப்பிடலாம். மதகு சிறிது திறந்தாலும் உள்ளே பெருமாற்றம் நிகழும்.

பெண்ணுடலை அடைந்தவுடனேயே விந்தணு கருக்கட்டும் ஆற்றலைப் பெறுவதில்லை. அங்கே சில மணிநேரம் தங்கிப் பக்குவமடைதல் வேண்டும். இதனை 1951இல் அமெரிக்காவிலே சாங் என்பாரும் அவுஸ்திரேலியாவிலே ஒஸ்ரின் என்பாரும் தனித்தனியே கண்டறிந்தனர். அப்பக்குவத்திற் கல்சியத்துக்குப் பெரும் பங்குண்டு. விந்தணுவின் வாலிலுள்ள மதகு 2001இல் அமெரிக்காவிலே கண்டுபிடிக்கப்பட்டது; கற்ஸ்பேர் என்பது அதன் பெயர். உடலின் வேறெவ்வுறுப்பிலும் அன்றி விந்தணுவில் மட்டுமே அது பணியாற்றுகின்றது. முட்டையைச் சூழ்ந்த கலங்கள் சுரக்கும் புரோஜெஸ்தரோன் என்னும் ஓமோனே மனித விந்தணுவில் இம்மதகைத் திறக்கின்றது என்பது 2011இல் வெளியாயிற்று. கல்சியம் உட்புக, அதுகாறும் மெல்ல அசைந்த வால் சவுக்குப்போல் வீசியடிக்கத் தொடங்கும். தலையின் நுனியிலுள்ள பையொன்று வெடித்து, முட்டையின் உறையை ஊடுருவ வழிசெய்யும். இதற்கும் கல்சியமே வேண்டும்.

இம்மதகு பழுதுபட்டால் யாதாகும்? அஃதில்லாத ஆண் எலிகள் மலடாயின. 2009இல் ஈரானிய குடும்பங்கள் இரண்டில், இம்மதகுக்குரிய மரபணுவிற் பிழையிருந்தமையால் ஆண்கள் மலடானமை கண்டறியப்பட்டது. அவை உறவுக்குள் மணமுடித்த குடும்பங்கள். மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் நம்மவர் இதனைச் சற்றே கருதுதல் தகும். இன்னொன்றும் உண்டு: இம்மதகிற் குறையுள்ள ஆடவர் சிலரின் விந்தணு, எண்ணிக்கையிலும் அசைவிலும் குறையின்றியே தோன்றும். வழக்கமான பரிசோதனையில் ‘ஆணிடம் குறையில்லை’ என்று முடிவு வந்தபின்னும் பழி பெண்மேல் விழ நியாயமில்லை.

இதைப் படித்ததும் கல்சிய மாத்திரை வாங்க ஹற்றனுக்குப் புறப்பட வேண்டா. குருதியிலுள்ள கல்சியத்தின் அளவைக் கழுத்துப் புறத்துள்ள சிறு சுரப்பிகள் இறுக்கமாகக் காத்துவருகின்றன. மாத்திரையால் மதகு சீராகாது.

உடலுக்கு வெளியே கண்ணாடிக் கலத்திற் கருக்கட்டச் செய்யும்போதும், அத்திரவத்திற் கல்சியம் சேர்க்கப்பட்டிருக்கும். அஃதின்றேல் விந்தணு முட்டையின் அருகே நீந்தினும் இரண்டும் ஒன்றாகா. இம்முறையால் 1978 ஜூலை 25இல் இங்கிலாந்திலே முதற் குழந்தை பிறந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 3இல் கல்கத்தாவிலே சுபாஷ் முகோபாத்தியாயரின் முயற்சியால் ஒரு பெண்மகவு பிறந்தது. அரசு அமைத்த குழு அவர் கூற்றை ஏற்கவில்லை; 1981இல் அவர் தம்முயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய குறிப்புகளை ஆராய்ந்த ஆனந்தகுமார் என்னும் அறிஞர், இந்தியாவில் முதன்மை அவருக்கே உரியதென 1997இல் எழுதினார். 1986இல் பம்பாயிற் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதற்குழந்தை எனப் போற்றப்பட்டு வந்தது. அச்சாதனையிற் பங்கேற்றவர் இந்த ஆனந்தகுமாரே என்பதும் குறிப்பிடத்தக்கது.

இனி முட்டையின் பக்கம் வருவோம். விந்தணு முட்டையுடன் கலந்ததும் ஒரு புரதத்தை அதனுட் செலுத்துகின்றது. 2002இற் கண்டறியப்பட்ட இப்புரதம், முட்டையினுள்ளே சேமித்து வைக்கப்பட்டுள்ள கல்சியத்தை வெளிப்படுத்துகின்றது. அலை எழுந்து ஓய்ந்து மீண்டும் எழுகின்றது. பல மணிநேரம் இவ்வாறே தொடர்கின்றது. இவ்வலையே முட்டையைத் துயிலெழுப்புகின்றது. வேறொரு விந்தணு புகாதவாறு உறையை மாற்றுவதும் இதுவே. இப்புரதம் குறைந்த ஆடவரின் விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் நேரே செலுத்தினாலும் சிலவேளை முட்டை எழுவதில்லை. அந்நிலையில் மருத்துவர் சிலர், கல்சியத்தை முட்டைக்குட் புகவிடும் மருந்திலே அதனைச் சிறிதுநேரம் இட்டு எழுப்புகின்றனர். இவ்வாறு எழுப்பப்பட்ட முட்டைகளிலிருந்தும் குழந்தைகள் பிறந்துள்ளன.